“பாஸ்வேர்ட் கேட்குது, ஐயா!”

ஈய எழுத்துக்களைக் கோர்த்துப் பத்திரிகை அச்சிட்ட காலத்தில் ஆசிரியபீடத்தின் நடுவில் ஒரு பெரிய மேசை இருக்கும். செய்தியாளர் எழுதிய தாள் அந்த மேசைக்கு வரும். உதவி ஆசிரியர் அதைத் திருத்தித் தலைப்பிட்டு மீண்டும் அங்கேயே வைப்பார். அச்சுக்கோப்பாளர் எடுத்துச் செல்வார். மை காயாத புரூப் திரும்பவும் அதே மேசைக்கு வரும். ஒப்புநோக்குநர் அதிலே சிவப்பு மையால் சுழித்தும் வெட்டியும் தமது கைங்கரியத்தை முடிப்பார். அந்த மேசைக்கு யாரும் வரலாம், யாரும் எடுக்கலாம், யாரும் வைக்கலாம். “நீ யார்?” என்று மேசை ஒருபோதும் கேட்டதில்லை.

இன்று அந்த மேசை கண்ணுக்குத் தெரியாத பொருளாகிவிட்டது. ஏதோ ஒரு கணினியின் வன்தட்டில் ஒரு மூலை. நல்ல தமிழில் பகிர்வுக் கோப்புறை என்கிறோம். காரியாலயத்தில் அனைவருக்கும் அது ‘ஷெயார் போல்டர்’தான். வந்த செய்தி, திருத்திய செய்தி, படம், விளம்பரம், முடிந்த பக்கம் என்று அதற்குள்ளே சின்னச் சின்ன அறைகள். ஒரு நாளிதழின் முழு உயிரும் அந்த அறைகளுக்குள்ளே நடமாடிக்கொண்டிருக்கிறது. பழைய மேசைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், இது ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்கும் என்பதுதான். நேற்று வரை கேட்காமல் விட்டுவிட்டு, இன்று திடீரென்று, அதுவும் பக்கம் கட்டி முடிக்கும் நேரத்தில் கேட்கும்.

இந்தத் தொல்லையைப் பத்திரிகைக் காரியாலயங்கள் மட்டுமல்ல, பாடசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், கணக்காய்வு நிறுவனங்கள் என்று ஐந்து கணினிகளை ஒரு கம்பியில் கோர்த்து வைத்திருக்கும் எல்லோருமே அனுபவித்திருப்பார்கள். ஆகவே எனக்குத் தெரிந்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதி வைப்பது பயன்தரும் என்று எண்ணுகிறேன். நான் கணினித் துறை படித்தவன் அல்லன், கலைப் பட்டதாரி. ஆனால் இரவுப் பணியிலே தொழினுட்பப் பிரிவுத் தம்பிமார்களின் தோளுக்குப் பின்னால் நின்று கேள்வி கேட்ட அனுபவம் ஏராளம் உண்டு.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். கடவுச்சொல் கேட்கும் அந்தச் சிறிய சாளரம் திரையில் தோன்றியதும், “போல்டருக்கு யாரோ பாஸ்வேர்ட் போட்டுவிட்டார்கள்” என்றுதான் எல்லோரும் கூறுவார்கள். விண்டோஸ் கணினிகளில் கோப்புறைக்கு என்று தனியாக ஒரு கடவுச்சொல் இருப்பதில்லை. அந்தச் சாளரம் கேட்பது, கோப்புறை இருக்கும் அந்தக் கணினியின் பதிவேட்டில் நீங்கள் யார் என்பதை. உங்கள் மேசையில் இருக்கும் கணினிக்கு நீங்கள் யார் என்பது தெரியும். மாடியில் இருக்கும் கணினிக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. பெரிய நிறுவனங்களில் எல்லோருடைய பெயரையும் ஒரே இடத்தில் வைத்துப் பராமரிக்கும் மையக் கணினி ஒன்று உண்டு. சிறிய காரியாலயங்களில் அது இல்லை. ஒவ்வொரு கணினியும் தனித்தனிப் பதிவேடு வைத்திருக்கும் சிற்றரசுதான்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். அந்தச் சாளரம் தோன்றுவதற்கு முன்னரே ஒரு கேள்வி கேட்கப்பட்டு, பதிலும் நிராகரிக்கப்பட்டிருக்கும். நீங்கள் காலையில் எந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே வந்தீர்களோ, அவற்றையே உங்கள் கணினி சத்தமின்றி மற்றக் கணினியிடம் நீட்டிப் பார்க்கிறது. இரண்டு கணினிகளிலும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் இருந்தால் கதவு திறந்துவிடும். நமக்கு எதுவுமே தெரியாது. ஏற்கப்படாவிட்டால்தான் அந்தச் சாளரம் முகம் காட்டும். எனவே பல ஆண்டுகளாகக் கேட்காத கணினி இன்று கேட்கிறது என்றால் மூன்றில் ஒன்று மாறியிருக்கிறது: உங்கள் சாவி மாறியிருக்கும், அந்தப் பக்கத்துப் பூட்டு மாறியிருக்கும், அல்லது சாவியைப் பரிசோதிக்கும் சட்டம் மாறியிருக்கும்.

சாவி மாறும் வழிகள் பல. கணக்காளர் மாத முடிவில் தமது கடவுச்சொல்லை மாற்றுகிறார். ஆனால் அவருடைய கணினியின் ‘கிரெடென்ஷியல் மனேஜர்’ என்ற பெட்டகத்தில் பழைய கடவுச்சொல் பத்திரமாகக் கிடக்கிறது. கணினி அந்தப் பழையதையே கொண்டுபோய் நீட்டி அடி வாங்கிக்கொண்டிருக்கும். கட்டுப்பாட்டுப் பலகத்திலே அந்தப் பெட்டகத்தைத் திறந்து, மற்றக் கணினியின் பெயரில் உள்ள பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகக் கொடுத்தால் காரியம் முடிந்தது.

கடவுச்சொல்லே வைக்காதவர்களுக்கு வேறு சங்கடம். விண்டோஸ் எக்ஸ்பி காலம் தொட்டே, கடவுச்சொல் இல்லாத கணக்கை அந்தக் கணினியின் முன்னால் அமர்ந்து மட்டுமே பாவிக்க முடியும்; வலையமைப்பின் வழியாக உள்ளே விடமாட்டாது. “எனக்குப் பாஸ்வேர்டே இல்லை, பிறகு எதைக் கேட்குது?” என்று கோபிப்பவர்கள் இந்த வகையினர்.

அடுத்தவர்கள் நான்கு இலக்க ‘பின்’ இலக்கத்தைப் பாவிப்பவர்கள். அந்த இலக்கம் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. வலையமைப்பில் அதற்கு மதிப்பில்லை. மைக்ரோசொப்ட் கணக்கினால் உள்நுழைகின்றவர்கள் தமது மின்னஞ்சல் முகவரியையும் அந்தக் கணக்கின் உண்மையான கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். தினமும் ‘பின்’ இலக்கத்தைத் தட்டிப் பழகியவருக்கு அந்தக் கடவுச்சொல் ஞாபகத்திலேயே இராது.

பெயரை எழுதும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. பாவனையாளர் பெயரை மட்டும் எழுதினால், அது எந்தக் கணினியின் பதிவேட்டில் உள்ள பெயர் என்பதில் குழப்பம் ஏற்படக்கூடும். மற்றக் கணினியின் பெயர், பின்சாய்கோடு, அதன் பிறகு பாவனையாளர் பெயர் என்று எழுதுவது உத்தமம். யாழ்ப்பாணத்தில் ‘கந்தசாமி’ என்று கடிதம் போட்டால் போய்ச் சேராது. ஊரும் ஒழுங்கையும் எழுத வேண்டும் அல்லவா?

“ஒருக்கா ஓவ் பண்ணிப் போட்டு ஓன் பண்ணுங்கோ” என்பது நமது காரியாலயங்களின் வேதவாக்கு. அதனைக் கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் அதிலே ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு கணினியில் இருந்து இன்னொரு கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பெயர்களில் போவதற்கு விண்டோஸ் அனுமதிப்பதில்லை. காலையில் படக் கோப்புறைக்கு ஒரு பெயரில் போய்விட்டு, மாலையில் விளம்பரக் கோப்புறைக்கு வேறு பெயரில் போக முயன்றால் மறுத்துவிடும். 1219 என்ற இலக்கத்துடன் வரும் பிழைச்செய்தி இதைத்தான் சொல்கிறது. கணினியை நிறுத்தி ஆரம்பிக்கும்போது பழைய தொடர்பு அறுந்துவிடுவதனால் பிரச்சினை தீர்ந்ததுபோலத் தோன்றும். உண்மையான தீர்வு, ஒருவர் ஒரே பெயரில் எல்லா அறைகளுக்கும் போகும்படி ஒழுங்கு செய்வதுதான்.

மையக் கணினி உள்ள இடங்களில் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். அங்கே பாவிக்கப்படும் கெர்பரோஸ் என்ற அடையாள முறை நேர முத்திரையிட்ட சீட்டுக்களை வழங்குகிறது. இரண்டு கணினிகளின் நேரமும் 5 நிமிடங்களுக்கு மேல் வேறுபட்டால் சீட்டு செல்லாததாகிவிடக்கூடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்டிலே வாழ்ந்தவர்கள் நாங்கள். தாய்ப்பலகையின் சிறிய மின்கலம் செத்துப்போன பழைய கணினி, மின்சாரம் வந்ததும் பல ஆண்டுகளுக்கு முந்திய திகதியுடன் கண்விழிப்பதைப் பலரும் பார்த்திருப்போம்.

இனிச் சட்டம் மாறிய கதைக்கு வருவோம். ஒரு காலத்தில் ‘விருந்தாளி’ என்ற பெயரில் யாரும் உள்ளே போகக்கூடிய வசதி இருந்தது. வலையமைப்பில் மாட்டி வைக்கும் சேமிப்புப் பெட்டிகள் பலவும் அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தன. 2017 மே 12ஆம் திகதி ‘வொனாகிரை’ என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியது. கோப்புக்களைப் பகிர்வதற்கான எஸ்.எம்.பி. என்ற நடைமுறையின் முதலாம் பதிப்பில் இருந்த ஓட்டையின் வழியாகவே அது கணினிக்குக் கணினி தாவியது. அந்த ஓட்டைக்கான ஒட்டு இரண்டு மாதங்களுக்கு முன்னர், மார்ச் மாதத்திலேயே வெளியாகிவிட்டது, ஒட்டாதவர்களே அகப்பட்டார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளியான விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து, முதலாம் எஸ்.எம்.பி. இயல்பாக நிறுவப்படுவது நின்றது. பெரு நிறுவனங்களுக்கும் கல்வி நிலையங்களுக்குமான பதிப்புக்களில் விருந்தாளிக் கதவும் மூடப்பட்டது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, சிறு நிறுவனங்கள் வாங்கும் ‘புரோ’ வகையிலும் அந்தக் கதவை அடைத்ததோடு, பரிமாறப்படும் தகவல்கள் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும் என்றும் விதித்தது. விருந்தாளிக்குக் கையொப்பம் இல்லை. ஆகவே பழைய சேமிப்புப் பெட்டியை வைத்திருந்தவர்கள் புதுக் கணினி வாங்கிய மறுநாளே வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்களுக்கான சரியான வழி, பெட்டியின் மென்பொருளை இற்றைப்படுத்தி, அதிலே ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்குவதே. பாதுகாப்பைக் கழற்றிவிடும் குறுக்குவழிகளைச் சொல்லித்தருவோர் இணையத்தில் நிறையவே இருக்கிறார்கள். ஓட்டையைத் திரும்பவும் திறந்துவிடுவதுதான் அவற்றின் சாரம்.

இவை எல்லாவற்றையும்விட விசித்திரமான ஒன்றை 2025 செப்டெம்பரில் கண்டேன். காரியாலயத்தின் பெயர் வேண்டாம். புதிதாகப் பத்துக் கணினிகள் வாங்கியிருந்தார்கள். விற்பனையாளரின் ஆட்கள் ஒரு கணினியில் விண்டோஸ், தமிழ் எழுத்துருக்கள், பக்க வடிவமைப்பு மென்பொருள் எல்லாவற்றையும் நிறுவி, அதன் வன்தட்டை அப்படியே மற்ற ஒன்பதிலும் படியெடுத்துக் கொடுத்திருந்தார்கள். அரை நாளில் வேலை முடிந்தது என்று முகாமைத்துவத்துக்குப் பெரிய திருப்தி. அவற்றுள் ஒன்றிலேயே பகிர்வுக் கோப்புறையும் வைக்கப்பட்டது. மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லை.

அன்று மாலை ஏழு மணியளவில் பக்க வடிவமைப்பாளர் ஒருவர் எழுந்து நின்று, “பாஸ்வேர்ட் கேட்குது, ஐயா” என்றார். அடுத்த மேசையில் இருந்தவரும் அதையே சொன்னார். சில நிமிடங்களில் புதுக் கணினிகள் அத்தனையும் அந்தச் சாளரத்தைத் தாங்கி நின்றன. சரியான பெயரையும் சரியான கடவுச்சொல்லையும் கொடுத்தால், சாளரம் ஒரு கணம் மறைந்து மீண்டும் வந்து நின்றது. வடக்குப் பதிப்பை ஏற்றிச் செல்லும் வாகனம் பத்து மணிக்குப் புறப்பட வேண்டும். முதற்பக்கம் உட்பட நான்கு பக்கங்கள் உள்ளே அகப்பட்டுக் கிடந்தன.

இப்படியான வேளையிலே எல்லோரும் நிபுணர்களாகிவிடுவார்கள். “பாதுகாப்பை எடுத்துப்போட்டு எல்லாருக்கும் திறந்துவிடுங்கோ, நாளைக்குப் பார்ப்பம்” என்ற யோசனையே பலமாக எழுந்தது. நான் சம்மதிக்கவில்லை. அந்தக் கோப்புறைக்குள் பக்கங்கள் மட்டும் இருக்கவில்லை. தமது பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு எங்களிடம் பேசியவர்களின் குறிப்புக்களும், காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் நம்பிக் கொடுத்த கடிதங்களின் பிரதிகளும் அங்கே இருந்தன. வரவேற்பறையில் அலைபேசிக்கு வயர்லெஸ் தொடர்பு கேட்கும் விருந்தினரும் அந்த வலையமைப்பிலேயே இணைந்தார்கள். ஒரு பதிப்பு தாமதித்தால் மறுநாள் வாசகரிடம் வருத்தம் தெரிவிக்கலாம். ஒரு சாட்சியின் பெயர் வெளியே போனால் யாரிடம் போய் எதைத் தெரிவிப்பது?

தொழினுட்பப் பிரிவில் இருந்த தம்பி பதற்றப்படாமல் ஒரு தாளை எடுத்தார். எந்தக் கணினியில் இருந்து எந்தக் கணினிக்குப் போக முடிகிறது, எதற்குப் போக முடியவில்லை என்று கட்டம் போட்டு எழுதினார். அப்போதுதான் ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. காரியாலயத்திலேயே வயதில் மூத்த, ஒப்புநோக்குநரின் விண்டோஸ் 10 கணினி தங்குதடையின்றிக் கோப்புறைக்குள் போய் வந்தது. புதியவற்றில் இருந்து அந்தப் பழைய கணினிக்கும் போக முடிந்தது. புதியதிலிருந்து புதியதற்குத்தான் வழி இல்லை. “ஐயா, இது பாஸ்வேர்ட் பிரச்சினை இல்லை. பத்தும் ஒரே ஆள் எண்டு நினைக்குது” என்றார் தம்பி.

அவர் சொன்னதன் விளக்கம் இதுதான். ஒவ்வொரு விண்டோஸ் கணினிக்கும் நிறுவும்போதே நீண்டதொரு பாதுகாப்பு அடையாள எண் பிறக்கிறது. வன்தட்டைப் படியெடுத்தால் அந்த எண்ணும் சேர்ந்தே படியெடுக்கப்படும். பத்துப் பேருக்கு ஒரே அடையாள அட்டை இலக்கம்போல. கட்டளைச் சாளரத்தில் ‘ஹூ ஆம் ஐ’ என்ற ஒரு கட்டளை உண்டு. ஆங்கிலத்தில் ‘நான் யார்?’ என்று பொருள்படும் சொற்களைச் சேர்த்து எழுதியது. அதனோடு ஒரு சாய்கோடும் ‘யூசர்’ என்ற சொல்லும் சேர்த்துத் தட்டினால், உள்ளூர்க் கணக்கில் இருப்பவருக்கு அந்த எண் தெரியும். கடைசிக் கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி ஆளைக் குறிப்பது. அதற்கு முன்னால் உள்ளது கணினியைக் குறிப்பது. இரண்டு கணினிகளில் முன்பகுதி ஒன்றாக இருந்தால் அவை படியெடுத்த சகோதரங்கள். எங்களுடைய பத்தும் அப்படித்தான் இருந்தன.

விற்பனையாளரின் ஆட்களை முற்றாகக் குற்றஞ்சொல்லவும் முடியாது. இந்த எண் ஒன்றாக இருப்பதனால் நடைமுறையில் தீங்கில்லை என்று, விண்டோஸின் உள்ளமைப்பை நன்கறிந்த மார்க் ருசினோவிச் 2009 நவம்பரில் எழுதினார். எண்ணை மாற்றுவதற்கென்று தாமே எழுதிய ‘நியூசிட்’ என்ற மென்பொருளையும் அவர் கைவிட்டார். ஆயினும், படியெடுப்பதாயின் ‘சிஸ்பிரெப்’ என்ற கருவியைக் கொண்டு கணினியைப் பொதுமைப்படுத்திய பின்னரே செய்ய வேண்டும் என்பது மைக்ரோசொப்டின் விதியாகவே இருந்துவந்தது. விதியை மீறியவர்களுக்குத் தண்டனை கிடைக்காமல் 16 ஆண்டுகள் கழிந்தன. 2025 ஓகஸ்ட் 29 முதல் வெளியான விண்டோஸ் 11இன் 24எச்2, 25எச்2 பதிப்புக்களுக்கும் விண்டோஸ் சேர்வர் 2025க்குமான இற்றைப்படுத்தல்கள் அந்த எண்ணைச் சோதிக்கத் தொடங்கின. இரண்டு கணினிகள் ஒரே எண்ணுடன் நின்றால், கெர்பரோஸ் ஆனாலும் பழைய என்.ரி.எல்.எம். ஆனாலும் அடையாளம் ஏற்கப்படமாட்டாது. இது வேண்டுமென்றே செய்யப்பட்ட மாற்றம் என்பதை மைக்ரோசொப்ட் பின்னர் ஒக்டோபரில் உறுதிப்படுத்தியது. சரியான முறையில் கணினிகளை மீள அமைப்பதே நிரந்தரத் தீர்வு என்றும் அறிவித்தது.

அன்றிரவு தம்பி செய்தது மிக எளிமையான காரியம். கோப்புறை இருந்த கணினியின் முன்னால் நேரில் அமர்ந்து, அன்றைய பக்கங்களை ஒரு வெளிவன்தட்டில் எடுத்தார். ஒப்புநோக்குநரின் பழைய கணினியில் புதிய பகிர்வுக் கோப்புறை ஒன்றை உருவாக்கினார். வடிவமைப்பாளர்களுக்கும் உதவி ஆசிரியர்களுக்கும் அந்தக் கணினியில் தனித்தனிப் பெயர்களைப் பதிந்தார். அன்றைய பக்கங்களை மட்டும் அங்கே இட்டார். கடிதங்களும் குறிப்புக்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. வாகனம் முப்பத்தைந்து நிமிடம் பிந்திப் புறப்பட்டது.

அது அன்றைய இரவுக்கான ஏற்பாடு மட்டுமே. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிவடைய இருந்தது. அந்தக் கிழவனின் தோளில் நெடுநாள் பாரம் ஏற்ற முடியாது. அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் புதுக் கணினிகள் ஒவ்வொன்றாக முறைப்படி மீள நிறுவப்பட்டன. விருந்தினரின் அலைபேசிகளுக்கு வேறு வலையமைப்பு பிரித்துக் கொடுக்கப்பட்டது. இரகசியம் பேணவேண்டிய ஆவணங்கள் பொதுக் கோப்புறையை விட்டே அகற்றப்பட்டு, மூன்று பேருக்கு மட்டும் அனுமதியுள்ள தனி இடத்துக்குப் போயின. அந்த ஆவணங்கள் இத்தனை காலமும் விளம்பரப் பிரிவினர்கூடத் திறந்து பார்க்கக்கூடிய அறையிலே கிடந்தன என்பது, கணினி கதவை மூடிய பிறகுதான் முகாமைத்துவத்துக்கு உறைத்தது.

ஆகவே இத்தகைய சங்கடத்தில் அகப்படுவோருக்கு நான் சொல்லக்கூடியது இது. முதலில் ஒரு தாளை எடுங்கள். எல்லோருக்கும் கேட்கிறதா, ஒருவருக்கு மட்டும் கேட்கிறதா என்று எழுதுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய சாவியைப் பாருங்கள்: கடவுச்சொல் மாறியதா, பெட்டகத்தில் பழையது கிடக்கிறதா, ‘பின்’ இலக்கத்தைக் கொடுக்கிறாரா என்று. எல்லோருக்கும் என்றால் பூட்டு இருக்கும் கணினியில் நேற்று என்ன மாறியது, எந்த இற்றைப்படுத்தல் வந்தது என்று விசாரியுங்கள். சிலருக்கு மட்டும் என்றால் அந்தச் சிலரிடையே உள்ள ஒற்றுமை எது என்று தேடுங்கள். செய்தி சேகரிக்கும்போது நாம் கேட்கும் யார், எப்போது, எங்கே, எப்படி என்ற கேள்விகள்தான் இங்கேயும் கைகொடுக்கின்றன.

பொதுக் கதவை எல்லோருக்கும் திறந்துவிடுவதை மட்டும் கடைசி யோசனையாகக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். “நாளைக்குப் பார்ப்பம்” என்று திறந்த கதவை நாளைக்கு யாரும் பூட்டுவதில்லை. காரியாலயத்தில் ஆளுக்கொரு பெயர் இருக்கட்டும். வேலையை விட்டுப் போகிறவரின் பெயர் அவர் போகும் அன்றைக்கே மூடப்படட்டும். ஈய எழுத்துக் காலத்து மேசை யாரையும் கேள்வி கேட்காமல் இருந்ததற்குக் காரணம், அந்த மேசையைச் சுற்றி எந்நேரமும் ஆட்கள் இருந்தார்கள். அந்நியர் ஒருவர் கைவைத்தால் பத்துப் பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். இன்றைய மேசையைச் சுற்றி நின்று பார்ப்பதற்கு ஆள் இல்லை. அந்தச் சிறிய சாளரம் ஒன்றுதான் இருக்கிறது.